காற்று யாழ்: பெட்டியா, நீள்கம்பியா?

கை படாமல் காற்றே நரம்புகளை மீட்டும் கருவி காற்று யாழ். அதைச் செய்ய இறங்குபவர்கள் எந்த மரம், எத்தனை நரம்பு என்றுதான் முதலில் கேட்பார்கள். எதைக் கொண்டு பதிவு செய்வது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். எனக்கும் அப்படித்தான். முதல் பெட்டி யாழை ஒரு மேட்டில் வைத்து இரண்டு மணி நேரம் மெய்மறந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டால், ஈரத்துணியை உதறுவது போன்ற படபடப்பு மட்டுமே. யாழை மீட்டிய காற்று மைக்கையும் விட்டுவைக்கவில்லை.

பெட்டி யாழ் பழைய வடிவம். 1650-இல் அத்தனேசியஸ் கிர்ச்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை எழுதிவைத்திருக்கிறார். மெல்லிய பலகையின் மேல் ஒரே நீளமுள்ள நரம்புகள், தடிமன் மட்டும் வேறுவேறு, எல்லாவற்றுக்கும் ஒரே சுருதி. நரம்பைக் கடக்கும் காற்று அதன் பின்னால் மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கிறது. விநாடிக்கு உதிரும் எண்ணிக்கை ஏறக்குறைய 0.2 × காற்றின் வேகம் ÷ நரம்பின் விட்டம். 0.8 மி.மீ. நைலான் இழையில் விநாடிக்கு 2 மீட்டர் காற்று பட்டால் 500 ஹெர்ட்ஸ். நரம்பின் ஆதார சுருதி 100 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்தாவது மேற்சுரம், அதாவது ஐந்து மடங்கு அதிர்வு, எழும். தம்புராவில் தானாகக் கேட்கிற அதே அந்தர காந்தாரம். காற்று 3 மீட்டரைத் தொட்டால் ஏழாவதும் எட்டாவதும் வரும். படி ஏறுவதுபோல், ஒவ்வொரு சுரமாக.

செய்வோர் தவறவிடும் ஒன்று: காற்று வீசும் திசைக்குக் குறுக்காகத்தான் நரம்பு ஆடும். ஆகவே காற்று பலகையை உரசிக்கொண்டு ஓட வேண்டும். அப்போதுதான் நரம்பு மேலும் கீழும் ஆடி, தன்னைத் தாங்கும் குதிரை என்ற கட்டையை அழுத்தும். நைலான் முதல் சில நாட்கள் இளகிக்கொண்டே போகும். சுருதி சேர்த்துச் சேர்த்துக் கை ஓய்ந்துவிடும்.

நீள்கம்பி வேறு சாதி. 1 மி.மீ. எஃகுக் கம்பியை 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சுமார் 20 கிலோ இழுவிசையில் கட்டினால், ஆதார சுருதி 3 ஹெர்ட்ஸ். காதுக்கு எட்டாது. மேற்சுரங்களோ மூன்று மூன்று ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கும். படிகள் மறைந்து சரிவாகிவிடும். காற்று கூடக்கூட ஒலி கமகம்போல் வழுக்கி ஏறும். கட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அறுந்த கம்பி முகத்துக்குத்தான் வரும். யாரும் மோதாமலிருக்க வண்ணத் துணி கட்டுங்கள். இடி இடித்தால் விலகிவிடுங்கள்.

பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை இழுத்துக் கட்டுவது மூன்றாவது வழி. சத்தம் பெரிது, செலவு இல்லை. பத்து நிமிடத்தில் தலைவலி.

இனி பதிவு. பெட்டிக்கு மைக் வேண்டும், மைக்குக் காற்று ஆகாது. ரோம உறை போடலாம், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டலாம், தரையை ஒட்டி வைக்கலாம். எனக்குப் பலித்தது சிறிய மைக்கை ஒலித்துளை வழியாகப் பெட்டிக்குள்ளேயே இறக்கியதுதான். ஒலி கொஞ்சம் மூக்கடைத்தாற்போல் இருக்கும், ஆனால் படபடப்பு அறவே குறைந்துவிடும். நீள்கம்பிக்கு இந்தப் பாடு இல்லை. கம்பம் அருகே, அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வில்லையைக் கம்பியில் இறுக்கி ஒட்டினால், காற்றைச் சட்டை செய்யாமல் அதிர்வை மட்டும் எடுக்கும். 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை உள்ள முன்பெருக்கி (ப்ரீ-ஆம்ப்) அவசியம். நேராகச் சாதாரண மைக் உள்ளீட்டில் சொருகினால் அடிநாதம் காணாமல் போகும்.

உட்கார்ந்து கேட்கப் பெட்டியை எடுத்துச் செல்கிறேன். பதிவுக்கு நீள்கம்பிதான். ஒருமுறை குருவி ஒன்று கம்பியில் வந்து அமர்ந்தது. விறைப்பான கம்பியில் உச்ச அதிர்வுகள் முந்தி ஓடும், தாழ்ந்தவை பின்தங்கும். அந்தச் சிறு கால்கள் பட்டது ஹெட்போனில் ‘பியூ’ என்று இறங்கி, மறுமுனை போய்த் திரும்பி, இன்னொரு ‘பியூ’ கேட்டது. குருவிக்கு என்ன கேட்டதோ, உடனே பறந்துவிட்டது.