வேரிகேட்டட் ஐவி வாங்குகிறீர்களா? முதல் நாளே இழுத்துப் பாருங்கள்

வேரிகேட்டட் ஐவி என்பது பச்சை இலையில் வெள்ளையோ மஞ்சளோ கலந்திருக்கும் அலங்காரக் கொடி. கிளேஷியர் அதில் ஒரு வகை. விளம்பரத்தில் இருந்தது: "நன்கு வேர்பிடித்த கிளேஷியர் ஐவி, 4 அங்குலத் தொட்டியுடன், 449 ரூபாய்." பார்சலில் வந்தது: இறுக்கி அடைத்த கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) குத்தி வைத்த மூன்று கட்டிங் (வெட்டிய தண்டுத் துண்டு). இலைகளில் எண்ணெய் தடவிய பளபளப்பு. பன்னிரண்டாம் நாள் ஒரு தண்டை இரண்டு விரலால் லேசாக இழுத்தபோது கையோடு வந்துவிட்டது. அடிநுனி கத்தரித்தது கத்தரித்தபடியே இருந்தது. நூலளவு வேர்கூட இல்லை. விற்றவரிடம் கேட்டால், "மூணு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும் சார், தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க" என்று பதில்.

இந்த ஏமாற்று ஐவியில் எளிதாக எடுபடக் காரணம் உண்டு. துளசியோ காசித்தும்பையோ வேரில்லாவிட்டால் மறுநாளே தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஐவி இலை தடித்தது, தோல் போன்றது. வெட்டி வைத்தாலும் வாரக்கணக்கில் பச்சை மாறாது. பூங்கொத்துக் கடைக்காரர்கள் இதை விரும்புவதே அதனால்தான். வாடாமல் நின்றபடியே காய்ந்து, ஒருநாள் தொட்டால் அப்பளம்போல நொறுங்கும். அதற்குள் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். பழி உங்கள் தண்ணீர் வாளிமேல் விழும்.

ஆகவே பார்சலைப் பிரிக்கும்போதே வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு தெரியட்டும். மண்ணோடு தண்டு சேரும் இடத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். வேர்பிடித்தது பிடிவாதம் காட்டும். பிறகு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டுங்கள்: மண்கட்டியைச் சுற்றி வெள்ளை வேர் தெரிய வேண்டும். பழுப்பாகிக் கொழகொழத்து நாற்றமடித்தால் அது அழுகல். கட்டி உதிர்ந்து கொட்டினால் வேரே இல்லை.

அடுத்தது ஆள்மாறாட்டம். "வேரிகேட்டட் ஐவி" என்ற பெயரில் அதிகம் வருவது செனேசியோ மேக்ரோகிளாசஸ். தென்னாப்பிரிக்காக் கொடி, இலை ஐவி வடிவத்திலேயே இருக்கும், மஞ்சள் கரைகூட உண்டு. ஆனால் மெழுகு பூசியதுபோல் சதைப்பற்றாக இருக்கும், மடித்தால் படக்கென்று ஒடியும். கணுவில் பற்றுவேர் கிடையாது. உண்மையான ஐவியின் கொடியில் கணுவுக்குக் கீழே சீப்புப் பல்லாகக் குட்டிப் பற்றுவேர்கள் கிளம்பும். ஒடித்த இடத்தில் பால் வடிந்தால் அது ஃபைகஸ் பியூமிலா என்ற வேறொரு கொடி. செனேசியோ மோசமான செடியல்ல. சமவெளிச் சூட்டை ஐவியைவிட நன்றாகவே தாங்கும். ஐவி விலைக்கு விற்பதுதான் மோசடி.

வகைப்பெயரிலும் விளையாடுவார்கள். கிளேஷியர் என்றால் சாம்பல் பச்சையில் வெள்ளிப் பூச்சும் வெளிர்க்கரையும். கோல்ட்சைல்டு என்றால் கரையில் மஞ்சள். கோல்ட்ஹார்ட் என்றால் நடுவில் மஞ்சள், ஓரம் பச்சை. நீலத்திலும் ஊதாவிலும் மினுக்கும் ஐவி படத்தில் மட்டுமே வளரும்.

விதை விற்பவர்களைப் பற்றி ஒரே வரி: வேரிகேட்டட் ஐவிக்கு விதை என்று எது வந்தாலும் வாங்காதீர்கள். இலையின் வெள்ளை, பச்சையமில்லாத திசு அடுக்கால் வருவது. அது விதைவழி போகாது, தண்டுக் கட்டிங்கில்தான் தொடரும். "நாசா அங்கீகரித்த காற்றுச் சுத்திகரிப்பான்" என்பதும் வியாபாரப் பேச்சே. 1989-இல் வெளியான நாசா ஆய்வில் ஐவி இருந்தது உண்மை. சோதனை நடந்ததோ மூடிய பெட்டிக்குள். காற்றோடும் வரவேற்பறையில் அல்ல.

வேரில்லாமல் வந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் கணுவுக்குச் சற்றுக் கீழே புதிதாக வெட்டுங்கள். 10 செ.மீ. நீளம் போதும். கீழிரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, கழுவிய கோகோபீட்டும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) சமமாகக் கலந்து, அந்த இரண்டு கணுவும் புதையும்படி ஊன்றுங்கள். கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், இலை ஓரம் கருகும். மேலே பாலிதீன் கவர் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் வரும். கையுறை போடுங்கள், சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். தின்றால் நச்சு என்பதால் நாய், பூனை, குழந்தை எட்டாத இடம் பாருங்கள்.

வேரோடு வந்த செடியையும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். இலையை ஒரு வெள்ளைத் தாள்மேல் தட்டினால் மிளகாய்த்தூள் துகள்போல் ஏதாவது நகர்கிறதா? அது செஞ்சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்பேன். இலையின் அடிப்பக்கத்தை நீர் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், வாரம் ஒருமுறையாக மூன்றுமுறை அடியுங்கள். முழுப்பச்சையாகக் கிளம்பும் கிளையைப் பிறந்த இடத்திலேயே வெட்டிவிடுங்கள். பச்சையம் அதிகமுள்ள அது வேகமாக வளர்ந்து வெள்ளைக்கரைக் கிளைகளை அமுக்கிவிடும்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் ஐவி இயல்பாக வளரும். சென்னை, மதுரைக்காரர்கள் நவம்பர் முதல் ஜனவரிக்குள் வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மூடிய கூரியர் வண்டியில் வேகும் செடிக்கு எந்த நர்சரியின் உத்தரவாதமும் உதவாது.

பில் கொடுக்காமல் யுபிஐ மட்டும் கேட்பவரிடம் தொகையைக் கட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அதிகாரிக்கு வீடியோவோடு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிக்கொண்டு செடியே அனுப்பாமல் மறைந்துவிட்டால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அன்றைக்கே அழையுங்கள்.