ஐ.சி.யூ.விலிருந்து சி.டி. அறை வரை: எதை எடுத்துப் போவது?

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் வார்டில் முதலில் எழும் கேள்வி, "பெரிய சிலிண்டரா, சின்னதா?" என்பதுதான். மயக்கவியல் மருத்துவராக நானும் பல வருடங்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிலிண்டரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. அதோடு இணைக்கும் கருவி நிமிடத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்பது மறுபாதி. ஆபத்து பெரும்பாலும் அந்த மறுபாதியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரே நோயாளியை வைத்து எல்லாவற்றையும் ஒப்பிடுவோம். ஒரு மூச்சுக்கு 450 மில்லி, நிமிடத்துக்கு 20 மூச்சு. ஆக, நிமிடத்துக்கு 9 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 60 சதவீதம். போக 10 நிமிடம், ஸ்கேன் அறையில் 20, திரும்பி வர 10. தேவைக்கு மேல் 30 நிமிட இருப்பு வேண்டும் என்று அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. லிப்டுக்காகக் காத்து நின்றவர்கள் யாரும் இதை அதிகம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே 70 நிமிடத்துக்குத் திட்டமிட வேண்டும்.

நம் ஊரில் கையடக்கமாகக் கிடைப்பது பி வகைச் சிலிண்டர். கறுப்பு உடல், வெள்ளைத் தோள், 10 லிட்டர் கொள்ளளவு. அழுத்தமானியில் காட்டும் பார் (அழுத்தத்தின் அலகு) அளவைப் பத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் லிட்டர் வந்துவிடும்: முள் 150இல் நின்றால் 1500, 70இல் நின்றால் 700. மானி பி.எஸ்.ஐ. என்ற இன்னோர் அலகில் இருந்தால் முதலில் 14.5ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். முள் 1000 பி.எஸ்.ஐ.யில் நிற்பதைப் பார்த்து "ஆயிரம் லிட்டர் இருக்கிறது சார்" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். அதில் இருந்தது 700கூட இல்லை.

முதலில் ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. சேமிப்புப் பையோடு நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிட்டால் 70 நிமிடத்துக்கு 1050 லிட்டர். 150 பாரில் நிறைந்த பி சிலிண்டர் போதும். 100 பாரில் இருப்பது போதாது. ஆனால் ஆம்பு பையில் என் குறை ஆக்சிஜன் செலவு அல்ல, அதை அழுத்தும் கை. லிப்ட் வரவில்லை என்றால் கை தானாக வேகம் எடுக்கும். 20 மூச்சு 35 ஆகும், கார்பன் டை ஆக்சைடு சரியும், ரத்த அழுத்தமும் கூடவே சரியும். மூச்சு வெளியேறும்போது நுரையீரல் முழுதாகச் சுருங்காமல் தடுக்கும் பீப் வால்வை மாட்ட மறந்திருந்தால், காலையிலிருந்து பாடுபட்டு விரித்த நுரையீரல் ஸ்கேன் அறைக்குள் போவதற்குள் சுருங்கியிருக்கும். இத்தனைக்குப் பிறகும் ஆம்பு பை இல்லாமல் நான் கட்டிலை நகர்த்துவதில்லை. மற்ற எல்லாம் கைவிட்டாலும் அறைக் காற்றையாவது உள்ளே தள்ளக்கூடியது அது ஒன்றுதான். பயணத்தின் முதன்மைக் கருவியாக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அடுத்தது, சிலிண்டரின் அழுத்தத்தாலேயே ஓடும் பழைய பாணி டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டர். முழு ஆக்சிஜனில் வைத்தால் நோயாளிக்கு 9 லிட்டர், தன் ஓட்டத்துக்குச் சுமார் 1 லிட்டர். 70 நிமிடத்துக்கு 700. கணக்கு எளிது, பேட்டரிக் கவலை குறைவு. ஆனால் சிலிண்டர் காலியானால் மூச்சும் நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத காற்றைக்கூட அது தராது.

டர்பைன் வென்டிலேட்டர் உள்ளே சுழலும் விசிறியால் அறைக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். சிலிண்டரிலிருந்து குறைவதை மட்டும் வாங்கிக்கொள்ளும். காற்றில் ஏற்கெனவே 21 சதவீதம் இருப்பதால் அதை 60 ஆக்க, ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ அரை லிட்டர் ஆக்சிஜன் போதும். இங்கே பலர் தவறவிடுவது, மூச்சுகளுக்கு இடையிலும் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும் காற்று. அது 4 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 13, அதில் பாதி 6.5. எழுபது நிமிடத்துக்கு 455 லிட்டர்தான், ஆம்பு பையின் செலவில் பாதிக்கும் கீழே. இப்போது வழக்கமான "போகும்போது நூறில் வைத்துக்கொள்ளலாம்" பழக்கத்தைச் சேருங்கள். அதே கருவி நிமிடத்துக்கு 13 லிட்டர் குடிக்கும். 70 நிமிடத்துக்கு 910. பழைய கருவியைவிட அதிகம்! சிக்கனம் கருவியில் இல்லை, அதன் திருகில் நாம் வைக்கும் எண்ணில் இருக்கிறது. நோயாளிக்கு 60 போதும் என்றால் 60இலேயே போகட்டும். டர்பைன்தான் என் தேர்வு, பேட்டரி எத்தனை வருடம் பழையது என்று விசாரித்த பிறகு.

மூக்கு வழியே அதிவேகமாக ஆக்சிஜன் கலந்த காற்றைச் செலுத்தும் ஹை ஃப்ளோ நேசல் கேனுலாவில் இருப்பவரைப் பற்றித்தான் அதிகம் பயப்பட வேண்டும். மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் இருப்பதால் அவர் மற்றவர்களைவிடத் தேவலை என்று தோன்றும். நிமிடத்துக்கு 50 லிட்டர், 60 சதவீதம் என்றால் ஆக்சிஜன் மட்டும் சுமார் 25 லிட்டர். 70 நிமிடத்துக்கு 1750. நிறைந்த பி சிலிண்டர் ஒன்று போதாது. நூறு சதவீதம் என்றால் அதே சிலிண்டர் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முகமூடி வென்டிலேஷனிலும் இதே கதைதான்: விளிம்பில் கசிவதையும் சிலிண்டர்தான் ஈடுகட்டுகிறது. இந்த இருவரையும் கொண்டுபோகும் முன், ஸ்கேன் இன்றே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுவிடுவேன்.

இனி சிலிண்டர். டி வகையில் 46.7 லிட்டர் கொள்ளளவு, நிறைந்தால் 7000 லிட்டர். ஹை ஃப்ளோவுக்கு அதைவிட்டால் வழியில்லை. மற்றவர்களுக்கு ஒரு டியைவிட இரண்டு பி நல்லது என்பது என் முடிவு. டியை உருட்ட ஒரு ஆள் தனியாக வேண்டும், கட்டிலும் அதுவும் ஒரே லிப்டில் நுழையாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஓர் இரவில் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையில், திரும்பி வரும் வழியில் முதல் சிலிண்டர் 20 பாருக்கு இறங்கியது. கவலையில்லை, இரண்டாவதன் முள் 120இல் அசையாமல் நின்றது. குழாயை மாற்றினோம். இரண்டு மூச்சு ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது, வென்டிலேட்டர் அலறியது. புறப்படும்முன் அழுத்தத்தைச் சோதித்தவர் வால்வை மூடி வைத்திருந்தார். ரெகுலேட்டருக்குள் சிக்கியிருந்த வாயுவைத்தான் முள் காட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சாவியோ, ஐ.சி.யூ. சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் கிடந்த ஆம்பு பையை எடுத்து அழுத்தினேன். முதல் சிலிண்டரில் மிச்சமிருந்த 200 லிட்டர் எங்களை வீடு சேர்த்தது. மறுநாளே சாவியைக் கட்டுத்துணியால் ட்ராலியோடு கட்டிவைத்தோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அசட்டுத்தனம் அல்ல. சிலிண்டரிலிருந்து ஓட்டம் வராமல் போவதைப் பற்றி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) 2018 ஜனவரியில் எச்சரிக்கையே விடுத்தது: மூன்று ஆண்டுகளில் 400க்கும் மேற்பட்ட சம்பவங்கள். அங்கே இருப்பது சாவி வேண்டாத நவீன சிலிண்டர். வால்வையும் திறக்க வேண்டும், ஓட்ட அளவையும் தனியாகத் திருப்ப வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு வேலை முடிந்ததாக நினைத்தவர்கள் அங்கும் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் வெல்லும் சிலிண்டர் சுவரில் இருக்கிறது. ஸ்கேன் அறைச் சுவரில் ஆக்சிஜன் முனை இருந்தால் அந்த 20 நிமிடமும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஒரே கட்டடத்தில் புதிய பகுதிக்கும் பழைய பகுதிக்கும் முனைகள் வேறு வேறு வகையாக இருப்பதுண்டு, ஐ.சி.யூ. குழாயின் செருகி அங்கே நுழையாமல் போகலாம். பகலிலேயே ஒருமுறை நடந்து போய் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எம்.ஆர்.ஐ. என்றால் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியின் உறவினர் ஒருவர் சிலிண்டரோடு அந்த அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் சேர்த்து இழுத்தது, அவர் இறந்துபோனார். அங்கே சுவர் முனை, இல்லையென்றால் ரெகுலேட்டர் உட்பட எம்.ஆர்.ஐ.க்கென்றே வந்த அலுமினியச் சிலிண்டர். இரும்புச் சிலிண்டர்கள் இரண்டும் கதவுக்கு வெளியே, ஓர் ஆளின் காவலில் நிற்க வேண்டும்.