டைரக்டர் மணிரத்னமா, டைரக்டர் மகேந்திரனா? ரெண்டு பேர்ல யாருக்குக் கெடச்ச புகழ் ஓவர்?

மணிரத்னத்தை திட்டுறது இப்ப ஃபேஷன் ஆயிடுச்சு, தக் லைஃப் படத்துக்கு அப்புறம் கேக்கவே வேணாம். ஆனா மௌன ராகம் 1986, நாயகன் 1987, அடுத்தடுத்த வருஷம் இப்படி ரெண்டு படம் குடுத்த ஆளை சும்மா ஹைப்னு ஒதுக்கிட முடியுமா? நாயகன்ல பி.சி. ஸ்ரீராம் கேமராவும் தோட்டா தரணி செட்டும் தேசிய விருது வாங்குச்சு, கமலுக்கும் கெடச்சுது. சரி, அப்போ பாதி புகழ் டெக்னீஷியன்களுக்குத்தானேன்னு கேப்பீங்க, அவங்க கிட்ட வேலை வாங்கத் தெரிஞ்சதும் டைரக்டர் திறமைதான் பாஸ்.

மகேந்திரன் கதை வேற. முள்ளும் மலரும் கிளைமாக்ஸ்ல தனக்குப் புடிக்காத இன்ஜினியருக்கே தங்கச்சியைக் கட்டிக் குடுக்குறான் ஹீரோ காளி, ஆனா இப்பவும் உங்களை எனக்குப் புடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறான், அந்த ஒரு இடத்துல வீம்பும் பாசமும் சேர்ந்தே நிக்குது, இந்த மாதிரி மனுஷனை மணி படத்துல நான் பாத்ததில்ல (அங்க எல்லாரும் குசுகுசுன்னு நாலு வார்த்தையோட நிறுத்திக்குவாங்க). அடுத்த வருஷமே உதிரிப்பூக்கள். அதுல ஊர்க்காரங்க கட்டாயப்படுத்தி வில்லன் சாகுறதுக்கு ஆத்துல இறங்குறப்போ அவங்க மேலயே நமக்கு சந்தேகம் வருது பாருங்க, அது சாதாரண விஷயமில்ல.

மகேந்திரனோட மொத்தப் படமே கொஞ்சம்தான், அதுலயும் பின்னாடி வந்ததை யாரும் பேசுறதில்ல. மணி நாப்பது வருஷமா ஓடிட்டு இருக்காரு, சறுக்குனது எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. எழுத்துன்னு பாத்தா என் ஓட்டு மகேந்திரனுக்கு, மேக்கிங்னா மணிக்கு. ஓவர்னு சொல்லணும்னா கடல் படத்துக்கு அப்புறம் வந்த மணி, அதுலயும் பொன்னியின் செல்வனை அந்தக் கணக்குல சேக்க மாட்டேன்.