ஒரு வயதுக் குழந்தையுடன் கார்ப் பயணம்: பின்னோக்கிய கார் சீட்டின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் மகளுக்கு முதல் பிறந்தநாள் வருவதற்குச் சற்று முன்பு வாங்கிய கார் சீட்டை, அவளுக்கு இரண்டு வயது நெருங்கும் இன்றுவரை, சென்னையிலிருந்து ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் தரங்கம்பாடிக்கும் சென்ற விடுமுறைப் பயணங்களில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். ஐசோஃபிக்ஸ் பொருத்தமும் (காரின் பின்சீட்டில் உள்ள நிலையான கொக்கிகளில் சீட்டை மாட்டும் முறை) முன்புறம் தரையில் ஊன்றும் ஆதரவுக் காலும் கொண்ட, பக்கவாட்டில் சுழலக்கூடிய வகை அது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் நிறைகளும் குறைகளும் இந்த வகை சீட்டுகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் என்பதே காரணம். பொருளை மட்டும் மதிப்பிட்டு நிறுத்துவதும் இயலவில்லை. எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பவற்றையெல்லாம் இந்தச் சீட்டும் அதில் குழந்தை தூங்கும் நேரமும்தான் தீர்மானித்தன.

முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடலோடு ஒப்பிட்டால் ஒரு வயதுக் குழந்தையின் தலை பெரியது. கழுத்து எலும்புகளோ இன்னும் முழுமையாக இறுகவில்லை. நேருக்கு நேரான மோதலில் முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை முன்னே வீசப்படும்போது சுமை முழுவதும் கழுத்தின்மேல் விழுகிறது. காரின் பின்புறத்தைப் பார்த்தபடி, அதாவது பின்னோக்கி, அமர்ந்திருந்தால் சீட்டின் முதுகுப்பகுதி தலையையும் முதுகையும் ஒருசேரத் தாங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள ஆர்129 என்ற ஐ.நா. விதி, 15 மாதத்தைக் கடக்கும்வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் இன்னும் ஒரு படி மேலே போய், சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும்வரை பின்னோக்கியே வைத்திருக்கச் சொன்னது. இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. வழியில் எந்தச் சோதனையிலும் யாரும் இதைப் பற்றி எங்களிடம் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சட்டத்தைவிடக் கடினமான தடை வீட்டுக்குள் இருந்தது. "மடியில வெச்சுக்கிட்டா பாட்டுக்குத் தூங்கிடுவாளேம்மா, பச்சப்புள்ளைய எதுக்கு இப்படிக் கட்டிப் போடறே?" என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அவர் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்திருக்கும் கைகளில் ஏறத்தாழ 200 கிலோ இழுக்கும். அதைத் தாங்கும் கை யாருக்கும் இல்லை என்று என் கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு மாமியாரை மாற்றியதா என்று தெரியாது. பின்சீட்டில் அருகிலேயே அமர்ந்து பேத்தியின் முகத்தைப் பார்த்தபடி வரலாம் என்பது அவருக்குப் பிடித்துப்போனது.

பொருத்துவதில் உள்ள சிரமங்களைக் கடைகளில் சொல்வதில்லை. பின்னோக்கி வைத்த சீட் மிகுந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். சிறிய ஹாட்ச்பேக் கார்களில் அதன் முன்னே உள்ள இருக்கையை நகர்த்தினால், உயரமானவர் முழங்காலை மடக்கியபடியே பயணிக்க வேண்டியிருக்கும். பின்சீட்டுக்கு முன் தரைக்கு அடியில் சேமிப்புப் பெட்டி உள்ள கார்களில் ஆதரவுக் காலை ஊன்றக் கூடாது என்பதால், வாங்கும் முன்பே காரின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. காற்றுப்பை அணைக்கப்படாத முன்னிருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. சுழலும் வசதி முதுகுவலிக்காரர்களுக்குப் பெரும் வரம்; குழந்தையைக் கதவுப் பக்கம் திருப்பி வாரை மாட்டிவிட்டு மீண்டும் பின்னோக்கித் திருப்பிப் பூட்டினால் போதும். ஆனால் அந்தச் சுழல் வளையத்தின் இடுக்கில் ரஸ்க் தூளும் பிஸ்கட் துணுக்கும் சேர்ந்து, சில மாதங்களில் பூட்டு சரியாக விழாமல் போனது. சேவை மையத்திலிருந்து பயனுள்ள பதில் வரவில்லை. பழைய பல்துலக்கியால் நாங்களே சுத்தம் செய்தோம், இப்போதும் மாதந்தோறும் செய்கிறோம். மாற்று உறை தனியே கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒருமுறை வாந்தி எடுத்த உறை மலையூரில் துவைத்தால் மறுநாளும் காயாது.

எங்கள் தட்பவெப்பத்தில் இந்தச் சீட்டின் உண்மையான பலவீனம் வெப்பம்தான். தடித்த நுரையும் சீட்டின் வெளி ஓடும் மூன்று பக்கமும் சூழ்ந்திருப்பதால், முன்னாலிருந்து வரும் ஏசிக் காற்று குழந்தையை எட்டுவதே இல்லை. நமக்குக் குளிரும்போது அவள் முதுகு நனைந்திருக்கும். பின்பக்கம் ஏசித் துளைகள் உள்ள கார் இவ்விஷயத்தில் பெரிய வசதி. அது இல்லாதவர்கள், கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே காரைக் குளிரவைத்து, சீட்டின்மேல் மல்மல் துணியை விரித்து, குழந்தைக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை மட்டும் போட்டு அமர்த்தலாம். துணி வாருக்கு அடியில் சுருண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பார்த்து, மடிப்பு பிடிபடாத அளவுக்கு இறுக்கம் இருப்பதை ஒவ்வொரு நிறுத்தத்திற்குப் பிறகும் சோதிக்கிறோம்.

பின்னோக்கி அமர்வதால் வரும் இன்னொரு சங்கதி, சில பயணங்களுக்குப் பிறகே எங்களுக்குப் பிடிபட்டது. சென்னையிலிருந்து வேலூர் வழியாக ஏலகிரிக்குச் செல்லும் சாலை மேற்கு நோக்கிப் போகிறது. காலையில் கிளம்பினால் உதிக்கும் சூரியன் நமக்குப் பின்னால். குழந்தைக்கோ நேர் எதிரே. பின்கண்ணாடி வழியே வரும் இளவெயில் நேராகக் கண்ணில் விழும்போது எந்தக் குழந்தையும் தூங்காது. மாலையில் திரும்பும்போதும் கிழக்கு நோக்கி வருவதால் மறையும் சூரியன் மறுபடியும் அவள் முகத்துக்கு நேரே வந்துவிடும். கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடைசெய்துவிட்டது. ஆக, மிஞ்சுவது நேரத்தை மாற்றுவது ஒன்றுதான். சூரியன் மேலே ஏறிவிட்டால் காரின் கூரையே மறைத்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போது இந்தத் தொல்லை குறைவு. வெயில் பக்கவாட்டில்தான் வரும். சீட்டை மேற்குப் பக்கம் பொருத்தினால் காலைப் பொழுது முழுவதும் நிழல் கிடைக்கும்.

இங்கிருந்துதான் திட்டமிடுதல் தொடங்குகிறது. விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்ற அறிவுரையை எல்லோரும் தருவார்கள். அது ஓட்டுபவருக்கும் சாலைக்கும் ஏற்ற அறிவுரை. ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்றதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தூக்கத்தில் தூக்கி சீட்டில் வைக்கும்போதே பாதிக் குழந்தைகள் விழித்துவிடும்; அன்று முழுவதும் அந்த அரைத்தூக்கத்தின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. பகலில் இருமுறை தூங்கும் வழக்கம் ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே எங்கள் மகள் இருமுறை தூங்கிய நாட்களில் காலை உணவை வீட்டிலேயே முடித்து, ஒன்பதரை மணி வாக்கில் முதல் தூக்கத்தோடு கிளம்பினோம். ஒரே தூக்கத்துக்கு மாறிய பிறகு புறப்பாடு நண்பகலுக்குத் தள்ளிப்போனது. பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே லாரி நெரிசல் இருக்கத்தான் செய்யும். ஓடும் வண்டியில் தூங்கும் குழந்தை நின்றவுடன் விழித்துக்கொள்ளும் என்பதால், சுங்கச்சாவடியில் பணம் கட்டக் காத்து நிற்காமல் கடக்க உதவும், 2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக்கை என்னைப் போல் வாழ்த்தியவர் குறைவாகவே இருப்பார்கள்.

தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை சீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது பரவலாகத் தரப்படும் அறிவுரை. இதைக் கடைப்பிடித்தால் வாலாஜாபேட்டைக்கு முன்னே பின்னே ஒரு நீண்ட நிறுத்தம் அமையும். நீண்ட நிறுத்தம் என்றால் முக்கால் மணி நேரமாவது வேண்டும்; தேநீர் குடிக்க நிறுத்துவதில் குழந்தைக்குப் பயன் எதுவும் இல்லை. அவள் நடக்க வேண்டும், கல்லைப் பொறுக்க வேண்டும், ஓட்டல் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துக் கத்த வேண்டும். ஏலகிரிவரை சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தைப் பெரியவர்கள் மட்டும் போனால் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம். நாங்கள் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படி வைத்துக்கொண்ட பிறகுதான் காருக்குள் யாரும் யாரையும் கடிந்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்தோம். திரும்பும் வழியில் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவது குழந்தையின் தேவைக்காக அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மலைப்பாதையைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். ஜோலார்பேட்டை அருகே உள்ள பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்களின் பெயர் சூட்டப்பட்டவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிது. எங்கள் அனுபவமும் அப்படியே, ஏறும் முன்பு வயிறு நிறையப் பால் குடித்த ஒரு நாளைத் தவிர. அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிட்டு, ஏறும்போதும் குறிப்பாக இறங்கும்போதும் சிப்பரில் தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுத்தால் காது அடைப்பும் தொல்லை தராது. குமட்டல் மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது. பரவலாகப் புழங்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு விலக்கப்பட்டது. ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். ஆனால் சேலம்வரை நீளும் சமவெளிப் பயணம்தான் குழந்தையைச் சோர்வடையச் செய்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பதோடு, தொலைவும் குளிரும் சேர்வதால் அவற்றைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

உணவில் சிக்கல் அதிகம் இல்லை. வழியோர ஓட்டல்களில் கிடைக்கும் இட்லியும் தயிர்சாதமும் ஒரு வயதுக்குப் போதும். அதற்கு மேல் சத்துமாவும் வாழைப்பழமும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையில் இருந்தால் கவலை இல்லை. ஓஆர்எஸ் பொட்டலம் வைத்திருப்பவர்கள், பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற அளவை மாற்றாமல் கலக்க வேண்டும். டயப்பர் மாற்ற நெடுஞ்சாலைக் கழிப்பறைகளில் மேடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. டிக்கியில் விரித்த பாய்தான் எங்கள் மேடை. தமிழக அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் தொடங்கிய பாலூட்டும் அறைகள் நல்ல ஏற்பாடு என்றாலும், பேருந்து நிலையம் ஊருக்குள் இருக்க, காரில் செல்பவர் புறவழிச்சாலையிலேயே கடந்துவிடுகிறார். காரின் பின்சீட்டும் ஒரு துப்பட்டாவும்தான் நடைமுறையில் கைகொடுத்தன.

தங்குமிடத்தைத் தேர்வதில் எங்கள் அளவுகோல்கள் முற்றிலும் மாறிவிட்டன. காட்சிமுனையும் பால்கனியும் வேண்டாம். தரைத்தளம், வாசலில் புல்வெளி, அறைக்குள் கெட்டில், கட்டிலை ஓரமாகத் தள்ள இசைவு ஆகியவை போதும். தூளி கட்டப் பழைய சேலையோடு போனால் அறையின் கூரையில் கொக்கி இருப்பதில்லை. தரையில் மெத்தை போட்டுப் படுப்பதே விழும் வயதுக் குழந்தைக்கு நல்லது. ஒரே இடத்தில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குகிறோம். முதல் நாள் குழந்தை புது அறைக்குப் பழகுவதிலேயே கழிந்துவிடும். இரண்டு இரவில் திரும்பினால் நமக்கு மிஞ்சுவது அசதிதான். ஏலகிரியில் புங்கனூர் ஏரியைக் காலையில் ஒருமுறை பார்ப்போம். மற்ற நேரமெல்லாம் விடுதி வாசலில் ஆட்டுக்குட்டிகளோடு போய்விடும். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் முன்னே உள்ள திறந்தவெளி, நடை பழகும் குழந்தைக்கு ஏற்ற இடம். உள்ளே உள்ள அருங்காட்சியகத்தை நானும் கணவரும் மாறி மாறிப் பார்த்தோம்.

இந்தச் சீட்டை யாருக்குப் பரிந்துரைப்பேன்? சொந்தக் கார் உள்ளவர்களுக்கு, காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருந்தால், விலை பெரும்பாலும் 10,000 ரூபாயைத் தாண்டினாலும் தயங்காமல் சொல்வேன். பழைய சீட் வாங்குபவர்கள் அது விபத்தில் சிக்கியதில்லை என்பதை உறுதிசெய்து, ஓட்டில் பொறித்திருக்கும் காலாவதி ஆண்டையும் பார்க்க வேண்டும். வாடகைக் காரில் செல்பவர்களுக்கு இந்தச் சுழலும் வகை ஏற்றதல்ல. பத்துக் கிலோவைத் தாண்டும் எடையை ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றுவது பெரும்பாடு. வரும் வண்டியில் கொக்கி இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அவர்களுக்கு, காரின் சாதாரண சீட் பெல்ட்டாலேயே பின்னோக்கிக் கட்டக்கூடிய எடை குறைந்த சீட்டுகள் கிடைக்கின்றன. வண்டியைப் பதிவுசெய்யும்போதே பின்சீட்டில் மூன்று முனை பெல்ட் (தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்கே வருவது) இருக்கிறதா, அதன் கொக்கி மெத்தைக்குள் புதைந்து போகாமல் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு கேட்டால் பயனில்லை.