பிளாஸ்டிக் நன்று, காகிதம் மோசம்: 1/35 பான்சர் 4 மாதிரிப் பெட்டி

பெட்டி மூடியில் பாலைவனம், தூரத்தில் கரும்புகை, நடுவே நீளக் குழலோடு ஒரு பான்சர் 4, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி. அதன்மேல் தங்க எழுத்தில் ‘21ஆவது பான்சர் டிவிஷன், டோப்ரூக், ஏப்ரல் 1941’ என்று லிபியத் துறைமுக நகரின் பெயரோடு போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் படித்ததும் வாங்காமல் திரும்பியிருக்க வேண்டும். வாங்கிவிட்டேன். சுங்க வரியோடு 5,300 ரூபாய். இதே அச்சு மூன்று நான்கு பெயர்களில் விற்பனைக்கு வருவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. தங்க எழுத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பிளாஸ்டிக்கைப் பற்றி. 35 வருடம் லேத்தில் நின்றவன் நான், வெர்னியர் வைக்காமல் எதையும் நம்புவதில்லை. உண்மையான வண்டியின் அகலம் 2.88 மீட்டர். 35ஆல் வகுத்தால் 82.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கூடு 82 காட்டுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பற்றவைப்புத் தழும்புகள், பின்பக்கக் காற்றுத் துளைகள், கருவிகளைப் பிடித்திருக்கும் கொக்கிகள் எல்லாம் கூர்மையாக வார்க்கப்பட்டிருக்கின்றன. கோபுரமும் கூடும் பசை இல்லாமலே கச்சிதமாக உட்காருகின்றன.

சோதனை சக்கரத்தில் இருக்கிறது. பான்சர் 4க்குப் பக்கத்துக்கு எட்டு இரட்டைச் சக்கரம். அதாவது 32 வட்டுகள், ஒவ்வொன்றிலும் அச்சுக்கோடு. அதைத் தேய்த்து முடித்ததும் சங்கிலி வருகிறது. பக்கத்துக்கு 99 கண்ணி, தனித்தனியாக. ஒவ்வொரு கண்ணியின் உள்பக்கத்திலும் அச்சு ஊசி குத்திய இரண்டு குழிகள் இருக்கின்றன. 198 கண்ணிகளையும் புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து முடிக்கப் பதினொரு மாலைகள் ஆயின. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு நான் செய்யும் முதல் டாங்கி இது. 140ஆவது கண்ணிக்கு மேல் மருத்துவரையும் நிறுவனத்தையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கோத்து முடித்ததும் மேல் உருளைகளுக்கு நடுவே சங்கிலி லேசாகத் தொய்ந்து படுத்தது பாருங்கள், அந்தத் தொய்வுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது காகிதம்.

1941 ஏப்ரலில் 21ஆவது பான்சர் டிவிஷன் என்று ஒன்று கிடையாது. ஜெர்மன் தளபதி ரோம்மெலோடு முதலில் லிபியாவின் டிரிப்போலியில் இறங்கியது 5ஆவது இலகு டிவிஷன். 3ஆவது பான்சர் டிவிஷனிலிருந்து 5ஆவது பான்சர் ரெஜிமெண்ட்டை உருவியெடுத்து, அங்கிருந்தும் இங்கிருந்தும் பட்டாலியன்களைச் சேர்த்து அவசரமாகக் கட்டிய படை அது. வந்த டாங்கிகள் சுமார் 150. வழியில் ஒரு கப்பல் தீப்பிடித்ததில் 13 டாங்கிகள் போயின. குறையை மறைக்க ஃபோக்ஸ்வாகன் கார்களின்மேல் மரச்சட்டமும் துணியும் போர்த்திப் பொய் டாங்கிகள் செய்து ஓட்டினார்கள். அந்தப் படைக்கு 21ஆவது பான்சர் டிவிஷன் என்ற பெயர் 1941இன் பிற்பாதியில்தான் வந்தது.

நீளக் குழல் கதை இன்னும் வேடிக்கை. 75 மில்லிமீட்டர் நீளப் பீரங்கி பொருத்திய பான்சர் 4 தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியதே 1942 மார்ச்சில். டோப்ரூக்கில் 1941 ஏப்ரல் 14 அன்று 5ஆவது ரெஜிமெண்ட் 38 டாங்கிகளோடு உள்ளே புகுந்தது. அதிலிருந்த பான்சர் 4 எல்லாம் கட்டைக் குழல் வண்டிகள். ஆஸ்திரேலியக் காலாட்படையினர் டாங்கிகளை உள்ளே போகவிட்டு, பின்னால் நடந்துவந்த ஜெர்மானியர்களைத் தனியே மடக்கினார்கள். டாங்கிகள் பீரங்கிகளின் வாயில் போய் நின்றன. 17 திரும்பவில்லை. மூடியில் வரைந்திருக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும் அந்தக் காலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் நான்கு பக்க வரலாற்றுத் தாளில் ‘கனவான்களின் போர்’ என்று ஒரு தலைப்பு வேறு. அதே ஜெர்மன் படை துனிசியாவைப் பிடித்து வைத்திருந்த ஆறு மாதங்களில் அங்கிருந்த யூதர்கள் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆப்பிரிக்க ஜெர்மன் படையின் பனைமரச் சின்னத்தின்மேல் வரும் கொக்கிச் சிலுவையை மட்டும் டெக்கால் தாளில் (மாதிரியில் ஒட்டும் சின்னங்களின் தாள்) இரண்டு துண்டாக வெட்டி அச்சடித்திருக்கிறார்கள். ஜெர்மன் சட்டத்துக்குப் பயந்து பல நிறுவனங்களும் செய்வதுதான். தாளை எழுதியவருக்கு அந்தப் பயத்தில் கால்வாசி இருந்திருக்கலாம்.

டெக்கால் தாளுக்கே வருகிறேன். நான் கோபப்பட்டது இங்கேதான். கோபுரத்துக்கு மூன்று எண்கள் தந்திருக்கிறார்கள்: 112, 123, 214. வெள்ளை விளிம்போடு சிவப்பு, அச்சு அருமை. ஆனால் அந்த எண் வெறும் அலங்காரமல்ல. முதல் இலக்கம் கம்பெனி என்ற படைப்பிரிவு, இரண்டாவது அதற்குள் இருக்கும் பிளாட்டூன், மூன்றாவது வண்டி. ரெஜிமெண்ட்டில் இரண்டு பட்டாலியன், ஒவ்வொன்றிலும் பான்சர் 3 ஓட்டும் இலகு கம்பெனிகள், கடைசியாக பான்சர் 4 வைத்திருக்கும் நடுத்தரக் கம்பெனி. அந்த நடுத்தரக் கம்பெனிகள் 4ஆவதும் 8ஆவதும். ஆக, இந்த ரெஜிமெண்ட்டின் பான்சர் 4 என்றால் எண் நான்கிலோ எட்டிலோ தொடங்க வேண்டும். 112 என்று போட்டால் வண்டி தவறான வீட்டில் படுத்திருக்கிறது என்று பொருள். மூன்று எண்ணில் ஒன்றாவது சரியாக இருந்திருக்கக் கூடாதா?

டிவிஷன் என்றால் டாங்கி மட்டும்தான் என்று அந்தத் தாள் நம்ப வைக்கிறது. 104ஆவது காலாட்படை ரெஜிமெண்ட், 155ஆவது பீரங்கி ரெஜிமெண்ட், 3ஆவது வேவுப் பட்டாலியன், 39ஆவது டாங்கி எதிர்ப்புப் பட்டாலியன், 200ஆவது பொறியாளர் பட்டாலியன், இவற்றில் எதுவும் இல்லை. என் மனத்துக்கு நெருக்கமான பணிமனைக் கம்பெனியும் இல்லை. டிரிப்போலித் துறைமுகத்திலிருந்து டோப்ரூக் 1,400 கிலோமீட்டருக்கு மேல். உதிரிப்பாகம் கடல் தாண்டி வந்து, அந்தத் தூரத்தையும் கடக்க வேண்டும். சண்டை நடந்த இடத்திலிருந்தே 18 டன் இழுவை வண்டிகளால் அடிபட்ட டாங்கியைக் கட்டி இழுத்து, மணலில் வைத்தே சரிசெய்து, மறுபடி வரிசைக்கு அனுப்பினார்கள். முன்னேறிய தளபதிக்குச் சிலை, இரவெல்லாம் ஸ்பானர் பிடித்தவனுக்கு அடிக்குறிப்புகூடக் கிடையாது. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

சரிசெய்ய வண்டி கையில் இருந்தால்தானே? 1941 நவம்பர் 25 அன்று இதே 5ஆவது ரெஜிமெண்ட் எகிப்து எல்லையில் சிடி ஓமரில் 4ஆவது இந்திய டிவிஷனின் 7ஆவது பிரிகேட்மீது மோதியது. பிரிகேட்டோடு இருந்த பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கிகள், டாங்கிகள் வெகு அருகில் வரும்வரை பொறுத்திருந்து சுட்டன. அந்த நாளுக்குப் பிறகு ரெஜிமெண்ட்டிடம் ஓடும் வண்டிகள் சொற்பம். 4ஆவது இந்திய டிவிஷனில் மதராஸ் சாப்பர்களும், அதாவது ராணுவப் பொறியாளர்களும், இருந்தார்கள். இதைப் பெட்டிக்காரரிடம் எதிர்பார்க்கவில்லை, நாமாவது சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது டெக்கால் தேர்வு ‘காங், ஜூன் 1944’, பிரான்சின் நார்மண்டியில் உள்ள ஊர். அதே டிவிஷன் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே நார்மண்டிக்குப் போனதுபோல எழுதியிருக்கிறார்கள். பழைய டிவிஷன் 1943 மே மாதம் துனிசியாவில் முடிந்துபோனது. பிரான்சில் அதே எண்ணில் புதிதாகக் கட்டினார்கள், அதில் பிடிபட்ட பிரெஞ்சு வண்டிகளின்மேல் ஜெர்மன் பீரங்கி ஏற்றிய ஒட்டுவேலைகள் நிறைய. 1944 ஜூன் 6 அன்று அதன் ஒரு பகுதி லியோன்-சூர்-மேர் பக்கம் கடற்கரையைத் தொட்டுவிட்டு, தலைக்குமேல் எதிரிகளின் கிளைடர்கள் (எஞ்சின் இல்லாத விமானங்கள்) வந்ததைப் பார்த்துப் பின்வாங்கியது. அந்தக் காலத்துப் பான்சர் 4களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கவாட்டில் தொங்கும் தகடுகள் உண்டு. பெட்டியில் தகடு இல்லை. இந்தத் தேர்வை மறந்துவிடுங்கள்.

வண்ணக் குறிப்பும் தவறு. அவர்கள் சொல்லும் அடர்மஞ்சள் 1943 பிப்ரவரியில் வந்தது. நான் வண்டியை 1942 ஆகஸ்ட், எகிப்தின் ஆலம் ஹல்ஃபா என்று முடிவுசெய்து மணல் கலந்த பழுப்பு அடித்தேன். டிவிஷன் தளபதி ஃபான் பிஸ்மார்க் செத்த சண்டை அது, நீளக் குழலுக்கும் ஆண்டு பொருந்துகிறது. பெட்டியோடு வரும் ஆறு தகர டின்களில் இரண்டில் வெள்ளைச் சிலுவை வரைந்தேன். அந்தக் குறி இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் பெட்ரோல். தாகத்தில் தவறான டின்னைத் திறக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பெட்டியின் குறிப்பில் இதுவும் இல்லை.

வாங்கலாமா என்று கேட்டால், சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். பிளாஸ்டிக்குக்குப் பத்துக்கு எட்டு, காகிதத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் அச்சுத் தரத்துக்காக. கையில் பழைய எண் டெக்கால் தாள் ஒன்று இருக்கட்டும். நான் எங்கோ மிஞ்சிய தாளிலிருந்து ஓர் எட்டை வெட்டியெடுத்து, இவர்களுடைய 112இலிருந்து பின்னிரண்டு இலக்கங்களை எடுத்து ஒட்டினேன். 812: 8ஆவது கம்பெனி, முதல் பிளாட்டூன், இரண்டாவது வண்டி. எட்டு மட்டும் அரை மில்லிமீட்டர் உயரமாக நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரியவில்லை.