வார இறுதிக்கு ஸ்வீடன்: மால்மோவா, கோத்தன்பர்க்கா?

கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு ஸ்வீடனில் ஒரு ஸ்வீடன்கார நண்பராவது இருப்பார். கூடப் படித்தவர், பழைய அலுவலகத்தில் ஒன்றாக இருந்தவர் என்று யாராவது. "ஒரு வார இறுதிக்கு வாங்களேன்" என்று அவர்கள் அழைக்கும்போது எங்கே போவது என்பதுதான் கேள்வி. ஸ்டாக்ஹோமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டு நாள் அந்த ஊருக்குப் போதாது. மிச்சம் மால்மோவும் கோத்தன்பர்க்கும். எனக்கு இரண்டு ஊரிலும் நெருங்கிய நண்பர்கள் உண்டு, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுத் தங்கியிருக்கிறேன். நண்பர்களோடு இருக்கவும் நன்றாகச் சாப்பிடவும் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு கோத்தன்பர்க்குக்கே.

பயணத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. கோபன்ஹேகன் சென்ட்ரலில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடத்தில் மால்மோ. 2000 ஜூலையில் எரசுண்ட் பாலம் திறந்ததிலிருந்து இந்த இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று புறநகர் மாதிரி ஆகிவிட்டன. டென்மார்க் பக்கம் கடலுக்கு அடியில் நான்கு கிலோமீட்டர் சுரங்கம், நடுவே செயற்கையாக எழுப்பிய ஒரு தீவு, அதன்பின் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் பாலம். ஸ்வீடனுக்குள் நுழைந்ததும் ஹில்லி நிலையத்தில் போலீஸார் ஏறி அடையாளம் கேட்பது உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதையும் குடியிருப்பு அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தன்பர்க்குக்கு மூன்றரை மணி நேரம் பிடிக்கும். மால்மோ, ஹெல்சிங்போரி, ஹால்ம்ஸ்டாட் என்று மேற்குக் கரையோரமாகவே போகும் ரயில் அது. வழியில் ஹாலண்ட்சோஸ் சுரங்கம் வரும். 1992இல் தோண்ட ஆரம்பித்து, தண்ணீர்க் கசிவு, அதை அடைக்கப் போட்ட ரசாயனத்தால் வந்த நச்சுப் பிரச்சினை என்று இழுத்தடித்து, 2015இல்தான் முடித்தார்கள்.

ஆனால் இந்தத் தூரம்தான் கோத்தன்பர்க்குக்குப் பெரிய பலம் என்பேன். மால்மோவில் இருந்தால் ராத்திரி எந்நேரமானாலும் வீடு திரும்ப ஒரு ரயில் இருக்கும் என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் நாம் மணி பார்க்கிறோம், அவர்களும் பார்க்கிறார்கள். கோத்தன்பர்க்கில் அந்த யோசனையே எழாது. ராத்தங்கித்தான் ஆக வேண்டும். ஸ்வீடன்காரர்கள் மெதுவாகப் பழகுகிறவர்கள். முதல் சில மணி நேரம் அளந்து பேசுகிறவர்கள், மறுநாள் காலை ஒரே மேசையில் ரொட்டியும் சீஸும் ட்யூபில் வரும் மீன்முட்டைப் பசையுமாக உட்காரும்போது குடும்பக் கதையெல்லாம் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மால்மோதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெல்லவோங்கன் பகுதியில் மத்திய கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடத்தும் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை) கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுடச்சுடப் பொரித்து, ஊறுகாயும் காரச் சாஸும் சேர்த்துச் சுருட்டித் தருவார்கள். அந்த விலைக்கு ஸ்வீடனில் வயிறு நிறைவது அபூர்வம். இதை வெளிநாட்டுச் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள். மால்மோக்காரர்கள் இதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடாகவே கொண்டாடுகிறார்கள்.

அதே ஊரில் வீட்டுச் சமையல் என்றால் கேட்டுச் சாப்பிட வேண்டியது எக்ககாக்கா. மால்மோ இருக்கும் ஸ்கோனே மாகாணத்து முட்டைப் பண்டம். முட்டை, பால், கொஞ்சம் மைதா கலந்த மாவைக் கனமான இரும்புச் சட்டியில், பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பிலேயே ஊற்றுவார்கள். நண்பரின் அம்மா அடுப்பை விட்டு நகரவே மாட்டார். வெந்த ஓரத்தைக் கரண்டியால் தூக்கி, மேலே நிற்கும் பச்சை மாவை அடியில் ஓட விடுவார், மறுபடி தூக்குவார். இரண்டு விரல் கனத்துக்கு எழும்பியதும் தட்டு வைத்துக் கவிழ்த்துத் திருப்பிப் போடுவார். மேலே தடித்தடியாக வறுத்த பன்றி இறைச்சி, பக்கத்தில் புளிப்பு லிங்கன்பெரி. பன்றி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் வெண்ணெயில் செய்து ஆப்பிள் வைத்துத் தருவார்கள். அருமையான சாப்பாடு, ஆனால் அரை மணியில் தட்டு காலியாகிவிடும்.

கோத்தன்பர்க்கின் இறால் விருந்து அப்படி முடிவதில்லை. இந்த இறால் வடகடலின் குளிர்நீர் வகை, சின்னது, இளஞ்சிவப்பு நிறம். படகிலேயே உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஓட்டோடு கரைக்கு வருகிறது. சனிக்கிழமை காலையில் நண்பர் போய் வாங்கி வருவார். மாலையில் பெரிய பாத்திரத்தில் அப்படியே மேசை நடுவில் கொட்டி வைப்பார்கள். வெள்ளை ரொட்டி, வெண்ணெய், மயோனிஸ், பூண்டுச் சாஸ், எலுமிச்சைத் துண்டு, வெஸ்டர்போட்டன் சீஸ், அவ்வளவுதான். தலையைத் திருகி எடுத்து, வயிற்றுப் பக்கம் ஓட்டை விரித்து, வாலைப் பிடித்து இழுத்தால் சதை முழுசாக வரும். நம்மூர் இறால் மாதிரி குடல் நரம்பு எடுக்கும் வேலை இல்லை. சிலதில் அடியில் முட்டைகள் ஒட்டியிருக்கும், அதை நாக்கில் வைத்தால் வெறும் கடல் ருசி. பத்து இறால் உரித்தால்தான் ஒரு துண்டு ரொட்டி நிறையும். கை இரண்டும் ஈரம், யாராலும் போனைத் தொட முடியாது. உரிப்பதும் பேசுவதுமாக இரண்டு மணி நேரம் போகிறது. சிரமமே இல்லாமல் இவ்வளவு பேச்சு நடக்கும் விருந்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வெளியே சாப்பிடவும் கோத்தன்பர்க்கில் குறைவில்லை. 1874இல் கட்டிய ஃபெஸ்கெஷேர்கா மீன் சந்தை, தேவாலயம் போன்ற உருவத்தாலேயே 'மீன் தேவாலயம்' என்று பெயர் பெற்றது. பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024இல் திறந்துவிட்டார்கள். ஹாகா பகுதியில் சாப்பாட்டுத் தட்டளவு பெரிய இலவங்கப்பட்டை பன் கிடைக்கும், இருவருக்கு ஒன்று தாராளம். ஞாயிறு காலை 11ஆம் எண் டிராமில் சால்ட்ஹோல்மன் போய், அதே டிக்கெட்டில் படகேறி ப்ரென்னோ, ஸ்டிர்சோ போன்ற கார் இல்லாத தீவுகளுக்குப் போகலாம். மால்மோவில் இதற்கு ஈடு என்று சொன்னால் 1898இல் தொடங்கிய ரிபர்ஸ்போரி கடல் குளியலிடம் ஒன்றுதான். நீராவி அறையில் வெந்துவிட்டுக் கடலில் குதிப்பது நல்ல அனுபவம். அங்கே துணியில்லாமல் குளிப்பதே வழக்கம், ஆண் பெண் தனித்தனிப் பகுதி. கூச்சப்படுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும் சில விஷயங்கள் பொது. வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தால் உள்ளூர்ச் சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலான வீட்டில் அன்று மெக்சிகோ பாணி டாக்கோதான். ஒயின் கொண்டுபோவதானால் கோபன்ஹேகனிலேயே வாங்கிவிடுங்கள். ஸ்வீடனில் அரசுக் கடையான சிஸ்டம்போலாகெட்டில்தான் கிடைக்கும், சனிக்கிழமை பொதுவாக மூன்று மணிக்கே மூடிவிடுவார்கள், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள், செருப்பை வாசலில் கழற்றுங்கள். அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 20க்குப் பிந்தைய முதல் திங்களன்று மேற்குக் கரையில் லாப்ஸ்டர் பருவம் தொடங்கும். அதற்கடுத்த வாரங்களில் கோத்தன்பர்க் போனால் நண்பர்கள் மேசையில் அதுவும் வரலாம். நவம்பரில் மட்டும் நான் மால்மோ பக்கம் சாய்வேன். 10ஆம் தேதியை ஒட்டி ஸ்கோனே முழுக்க புனித மார்ட்டின் பெயரில் வாத்து (கூஸ்) விருந்து நடக்கும். ஆப்பிளும் உலர்ந்த ப்ளம் பழமும் அடைத்து வாட்டிய பெரிய வாத்து, அதற்கு முன் வாத்தின் ரத்தத்தில் செய்த கறுப்பு சூப். அந்த மாதம் அழைப்பு வந்தால் ராத்தங்குவதாக முன்பே சொல்லிவிட்டு மால்மோ ரயில் ஏறுங்கள்.