லடாக்கா, ஸ்பிதியா? குமரியிலிருந்து தனியாக டென்ட்டோடு கிளம்புகிறவர்களுக்கு

கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்குகிறது. அதனாலோ என்னவோ, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பைக்கில் வடக்கே போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் சொல்கிற பெயர் லடாக். நாலைந்து பேர் சேர்ந்து போவதென்றால் சரி. தனியாளாக, டென்ட்டைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போகிறவர் முதல் தடவை இமாச்சலப் பிரதேசத்தின் மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குத்தான் போக வேண்டும் என்பேன். எதைப் பார்க்கிறோம் என்பதைவிட, ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம்.

நாம் கடல்மட்டத்து ஆட்கள். நம் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியே 1,600 சொச்சம் மீட்டர்தான். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இமாச்சலின் மணாலியிலிருந்து லடாக்கின் பெரிய ஊரான லேவுக்குப் போகிற சாலையில் இதைக் கடைப்பிடிப்பது பெரும்பாடு. மணாலி 2,050 மீட்டர், ஜிஸ்பா 3,200 சொச்சம். அடுத்துப் பலரும் தங்குகிற சர்ச்சு 4,300-ஐ நெருங்கிவிடும். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற்றம்! மறுநாள் 5,300 மீட்டருக்கு மேலுள்ள தங்லங் லா கணவாயைக் கடக்க வேண்டும்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் நமக்கே தெரியும். ஆனால் உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொண்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி மங்கும். நமக்கு ஏதோ ஆகிறது என்பதே நமக்குப் புரியாது. கூட இருப்பவர்தான் கவனித்து, உடனே கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. உயர நோயைத் தடுக்கத் தருகிற டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்; ஆனால் மெதுவாக ஏறுவதற்கு அது ஈடாகாது.

சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாக ஸ்பிதிக்குப் போகும் சாலை இந்த விஷயத்தில் நம் பக்கம் நிற்கிறது. சிம்லா 2,200, கல்பா 2,900 சொச்சம். கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து கிளம்பி, 3,600 மீட்டரைத் தாண்டிய நாகோவில் படுக்காமல், ஏரியை மட்டும் பார்த்துவிட்டு தாபோவுக்கு இறங்கிவிட்டால் படுக்கிற உயரம் 3,280தான். அங்கே 996-ஆம் ஆண்டில் எழுந்த மண்சுவர் பௌத்த மடம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. அப்புறம் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா, 3,650. வழி நெடுக ஊர்கள் வருவதால், வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊர் ஓரமாகவே டென்ட் போடலாம். உடம்புக்கு முடியாமல் போனால் தட்ட ஒரு கதவு பக்கத்தில் இருக்கும்.

பெட்ரோலிலும் ஸ்பிதிதான் லேசு. லே போகிற வழியில் தண்டியில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று வைத்திருந்த பலகை பேர்போனது. காசாவிலோ ஊருக்குள்ளேயே பங்க் உண்டு. போன் விஷயமும் அப்படித்தான்: தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இமாச்சலில் அந்தத் தடை கிடையாது, சிக்னல் மட்டும் விட்டுவிட்டுத்தான் வரும்.

ஸ்பிதியின் ஆபத்து வேறு மாதிரி. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் மலைகள் சரியும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து ஒரு பேருந்தே புதைந்தது. அதனால் செப்டம்பர் நடுவில் போய்ச் சேருகிற மாதிரித் திட்டமிடுங்கள்.

ரயிலில் மட்டும் லடாக் முந்துகிறது. கன்னியாகுமரியிலிருந்தே வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு வழியாகக் கத்ரா வரை போகிறது. ஸ்பிதிக்கு, கொச்சுவேளி என்று நாம் சொல்லிப் பழகிய திருவனந்தபுரம் வடக்கிலிருந்து சண்டிகருக்கு வண்டி பிடிக்க வேண்டும். எதில் போனாலும், பைக்கைப் பார்சல் போடும்போது டாங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. அடுப்புக்கான கேஸை இங்கிருந்து ரயிலில் கொண்டுபோகவும் முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் நிரப்பிய டப்பா உறைகிற குளிரில் எரியாது, ப்ரொப்பேன் கலந்ததாகக் கேளுங்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் சம்பா அரிசி குக்கர் இல்லாமல் வேகாது. அவலும் கருப்பட்டியும் ஏத்தங்காய் சிப்ஸும் கட்டிக்கொண்டால் அடுப்பு கைவிட்டாலும் பசியாறலாம்.

பாங்காங் ஏரியின் நீலமும் சாங்தாங் பீடபூமியின் வெட்டவெளியும் ஸ்பிதியில் கிடைக்காது, உண்மைதான். அதுதான் வேண்டும் என்கிறவர் ஸ்ரீநகர் வழியாக ஏறட்டும். சோனாமார்க்கும் கார்கிலும் ஏறக்குறைய 2,700 மீட்டர்; ஜோஜி லா 3,500-ஐத் தொட்டாலும் அங்கே படுக்கப் போவதில்லை. திராஸ், கார்கில் பக்கம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு நெருங்கி வருவதால் நினைத்த இடத்தில் டென்ட் போட நினைக்காமல் ஊருக்குள் தங்குங்கள். லேயில் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வெடுங்கள். திரும்பும்போது மணாலி சாலையில் இறங்கினால், அதே சர்ச்சு அப்போது பழகிய உடம்புக்குத் தாங்கும்.